நிலா லைட்டா இல்லையா? யூகேஜி ஒர்க்‌ஷீட்ல ரெண்டு தப்பு

அம்மு_அம்மா எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். சின்ன விஷயம்தான், ஆனா மூணு நாளா மண்டைய குடையுது. என் பொண்ணு யூகேஜி, அஞ்சரை வயசு. ஸ்கூல்ல "ஒளி தருபவை" பாடம் நடக்குது. சூரியன், நிலா, நட்சத்திரம், மெழுகுவர்த்தி, டார்ச், பல்பு, கண்ணாடி, நாற்காலின்னு படம் போட்டு வெளிச்சம் தர்றதை வட்டம் போட சொல்லி ஒரு ஒர்க்‌ஷீட். இவ நிலாவ விட்டுட்டா, கண்ணாடிய வட்டம் போட்டுட்டா. ரெண்டுக்கும் சிவப்பு பேனால பெருக்கல் குறி.

நிலாவுக்கு சொந்தமா வெளிச்சம் இல்லன்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க போலன்னு நெனச்சு நான் பெருமையா ஏண்டி விட்டேன்னு கேட்டேன். "காலைல வேன் வர்றப்ப பாத்தோம்ல, அது ஆஃப் ஆகி இருந்துச்சு"ங்கறா. நெசந்தான், போன வாரம் ஏழு மணிக்கு மேக்கால வெளுத்துப்போய் நின்னுச்சு, நானும் பாத்தேன். அப்ப கண்ணாடி? "ஜன்னல்கிட்ட வச்சா சுவத்துல அடிக்குதே, லைட்டு". இதுக்கு என்ன சொல்றது.

வீட்டுக்காரர் அஞ்சு வயசுக்கு இதெல்லாம் எதுக்கு விடுங்கறாரு. மாமியார் சந்திர பகவானுக்கு வெளிச்சம் இல்லன்னு சொல்லிக் குடுக்காதம்மாங்கறாங்க. இந்த வயசுக்கு எப்படி சொல்லி புரிய வைக்கிறதுன்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்களேன் ப்ளீஸ்.

மொக்கை_மன்னன்:

ஆஃப் ஆகி இருந்துச்சா? சூப்பர். பாப்பாவுக்கு ஈபில வேலை ரெடி.

கொங்கு_பிசிக்ஸ்:

சிஸ்டர், உங்க பொண்ணு பண்ணது தப்பே இல்ல, ஒர்க்‌ஷீட்தான் தப்பு. அதுவும் எப்படிப்பட்ட தப்புன்னா தனக்குத்தானே முரண்படற தப்பு. கண்ணாடி வெளிச்சம் தராதுன்னா நிலாவும் தராது, நிலா தரும்னா கண்ணாடியும் தரும். ரெண்டும் செய்யறது ஒரே வேலைதான், மேல விழற வெளிச்சத்தை திருப்பி அனுப்பறது. சொல்லப்போனா கண்ணாடி அந்த வேலைய நிலாவ விட நல்லா செய்யுது. நிலா மேல விழற வெளிச்சத்துல 100க்கு 12 பங்குதான் திரும்பி வருது, மீதியெல்லாம் அந்த மண்ணே குடிச்சிடுது. பக்கத்துல போய் பாத்தா நம்ம பழைய தார் ரோடு கலர்தான். சுத்தி கன்னங்கரேல்னு வானம் இருக்கறதால நமக்கு பால் மாதிரி தெரியுது. பௌர்ணமி நிலாவோட சூரியன ஒப்பிட்டா சூரியன் ஏறக்குறைய 4 லட்சம் மடங்கு பிரகாசம். அதான் பகல்ல உங்க பொண்ணு கண்ணுக்கு ஆஃப் ஆன மாதிரி தெரிஞ்சிருக்கு. ராத்திரி அனுப்பற அதே வெளிச்சத்ததான் பகல்லயும் அனுப்புது, நடுவுல நீல வானம் அதவிட வெளிச்சமா நிக்குது.

நான் எம்எஸ்சி பிசிக்ஸ், என் பையன் ரெண்டாவது படிக்கிறான். அவனுக்கு ஒரே ரூல்தான் சொன்னேன்: தனியா இருட்டுல விட்டா தெரியுதா? தெரிஞ்சா அது வெளிச்சம் தர்ற பொருள். இல்லன்னா இல்ல. முடிஞ்சுது.

பழைய_பேப்பர்:

எல்லாம் சரிங்க, ஆனா அஞ்சு வயசுல நிலாவ தார் ரோடுன்னு சொல்லணுமா? நிலால பாட்டி வடை சுடறான்னு சொல்லி சோறு ஊட்டி வளந்தவங்கதானே நாம எல்லாரும். அப்புறமா ஆறாவது ஏழாவதுல படிச்சு தெரிஞ்சுக்கிட்டோம், என்ன கெட்டுப் போச்சு. மிஸ்கிட்ட போய் சண்டை போடறதெல்லாம் தேவையில்லாத வேலை.

மொக்கை_மன்னன்:

பாட்டி வடை சுடணும்னா அடுப்பு எரியணும். அடுப்பு எரிஞ்சா நிலாவுக்கு சொந்த வெளிச்சம் இருக்குன்னு ஆகுது. கேஸ் க்ளோஸ், மிஸ் சொன்னதுதான் கரெக்ட்.

கரும்பலகை:

அம்மு அம்மாவுக்கு வணக்கம். நான் திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமத்துல அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியர், 22 வருஷ சர்வீஸ். கொங்கு மேடம் சொன்ன ரூல் சரியான ரூல், ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு, அனுபவத்துல சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

"இருட்டுல விட்டா தெரியுதா"ன்னு புள்ளைங்களைக் கேட்டா எல்லாமே தெரியும்னுதான் சொல்லும். ஒண்ணாப்புல சிவப்பு பந்தக் காமிச்சு, "கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டா, ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல, இது தெரியுமா?"ன்னு கேப்பேன். பாதி பேரு தெரியும் சார்னு சொல்லும். மீதி பேரு "மொதல்ல தெரியாது சார், கொஞ்ச நேரம் ஆனா தெரியும்"னு சொல்லும். இது அதுங்க முட்டாள்தனம் இல்ல, அனுபவம். ரூம்ல லைட்ட அணைச்சதும் கொஞ்ச நேரத்துல பீரோ தெரியுது, கட்டில் தெரியுது, அப்ப பந்தும் தெரியும்தானே? ஜன்னல் இடுக்குல தெரு லைட்டு வருதுன்னு அதுக்குத் தெரியாது. ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லாத இருட்ட இப்ப உள்ள புள்ளைங்க பாத்ததே கிடையாது, டவுன் புள்ளைங்க சுத்தமா கிடையாது. பாக்காத ஒண்ண வச்சு எப்படி ரூல் சொல்றது?

அதனால நான் மொதல்ல வெளிச்சத்த பத்தி பேசறதே இல்ல. இருட்டுலதான் ஆரம்பிப்பேன். ஒரு ஷூ டப்பா எடுத்துக்கணும், உள்ள முழுக்க கருப்பு சார்ட் ஒட்டணும், மூலை முடுக்கெல்லாம் வெளிச்சம் வராம டேப் போட்டுடணும், இதுதான் முக்கியம், ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் மொத்தமும் கெட்டுடும். ஒரு பக்கம் கண்ணு வச்சுப் பாக்க ஓட்டை. மூடில தீப்பெட்டி அளவுக்கு ஒரு கதவு, திறந்து மூடற மாதிரி. இருட்டுப் பெட்டின்னு பேரு வச்சிருக்கோம். உள்ள போட எவர்சில்வர் ஸ்பூன், கை கண்ணாடி, வெள்ளை பேப்பர் உருண்டை, சைக்கிள் பின்னாடி இருக்கற சிவப்பு ரிஃப்ளெக்டர், கீ செயின்ல தொங்கற குட்டி டார்ச்.

ஒவ்வொண்ணா போடறதுக்கு முன்னாடி தெரியுமா தெரியாதான்னு கேட்டு போர்டுல எழுதிடுவேன். ரிஃப்ளெக்டர் கண்டிப்பா எரியும்னு கிளாஸே கத்தும், ராத்திரி வண்டி லைட்டுல பளபளன்னு எரியறத தெனம் பாக்குதுங்க. கண்ண வச்சுப் பாத்தா ஒண்ணுமில்ல. "சார் உள்ள போடவே இல்ல நீங்க"ம்பான் ஒருத்தன். கதவத் திறந்ததும் பளிச்சுனு தெரியும். மூடினா போச்சு. இதையே ஒரு பத்து தடவ திறந்து மூடி திறந்து மூடி, அதுலயே பீரியட் போயிடும், போகட்டும்னு விட்டுடுவேன். கடைசியா டார்ச்ச எரிய விட்டு உள்ள வச்சு மூடிக் குடுப்பேன். இப்ப டார்ச்சும் தெரியும், பக்கத்துல இருக்கற ஸ்பூனும் தெரியும். அப்ப ஒரு புள்ள சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு, "சார், ஸ்பூனு அதுகிட்ட இரவல் வாங்குது".

அன்னிலேர்ந்து எங்க கிளாஸ்ல சொந்த வெளிச்சம், இரவல் வெளிச்சம், இந்த ரெண்டுதான். புத்தகத்துல இருக்கற "ஒளி மூலம்"ங்கற வார்த்தைய வாயால சொல்றது இல்ல.

மொக்கை_மன்னன்:

நல்ல வேள சார். ஒளி மூலம்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போய் "எனக்கு இன்னிக்கு மூலம் நடத்துனாங்க"ன்னு சொன்னா அப்பாம்மா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிருப்பாங்க.

கரும்பலகை:

சிரிக்காதீங்க, அதான் நடந்துச்சு :) அப்பா ஒருத்தர் நேர்லயே வந்துட்டாரு.

தூக்கமில்லா_அப்பா:

சார், நல்ல ஐடியாதான், ஆனா என் பையன் நாலு வயசு, இருட்டுன்னாலே அலறுறான். ஜீரோ வாட்ஸ் பல்பு இல்லாம தூங்க மாட்டான். இருட்டக் காட்டித்தான் சொல்லிக் குடுக்கணும்னா அவனுக்கு இந்த ஜென்மத்துல புரியாது. போன மாசம் என் தம்பி வெளையாட்டுக்கு ரூம்ல லைட்ட அணைச்சிட்டு வெளிய போய்ட்டான், ரெண்டு நாள் ஜுரம். அந்த மாதிரி யாரும் பண்ணிடாதீங்கன்னு சொல்லத்தான் எழுதறேன்.

கரும்பலகை:

ரூம இருட்டாக்கணும்னு நான் சொல்லவே இல்ல ஐயா. இருட்டு டப்பாவுக்குள்ளதான் இருக்கு, புள்ள வெளிய வெளிச்சத்துல அம்மா மடியில உக்காந்துகிட்டு பாக்குது. கண்ண எடுத்துட்டா இருட்டு போச்சு. அந்தக் கதவத் திறக்கற உரிமை புள்ள கையில இருக்கணும், நம்ம கையில இல்ல. பயந்த புள்ளைங்கதான் நாலாவது தடவைக்கு அப்புறம் பெட்டிய குடுக்கவே மாட்டேங்கும். டார்ச்சும் அப்படித்தான், அதும் கையிலயே குடுத்துடுங்க.

ஈபி_ரிட்டயர்டு:

பிள்ளைகளா, நான் 1978ல மின்சார வாரியத்துல வேலைக்குச் சேந்தவன், திருச்சி. இந்த விவாதத்தப் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. அந்தக் காலத்துல எந்தக் குழந்தைக்கும் வெளிச்சம் எங்கேந்து வருதுன்னு சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்ல, ஏன்னா வெளிச்சம்னா சுடும். சிம்னி விளக்குக் கண்ணாடிய துடைக்கறது என் வேலை, ஆறறதுக்கு முன்னாடி தொட்டு கை பொத்துப்போன தழும்பு இன்னும் இருக்கு. கல்யாண வீட்டுல பெட்ரோமாக்ஸ் பத்த வைக்கிறத ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னு பாப்போம். மேண்டில்னு ஒரு துணிப்பை, அத எரிச்சா சாம்பலாகி அப்படியே நிக்கும், தொட்டா உதிந்துடும். பம்பு அடிக்க அடிக்க அந்தச் சாம்பல் கூடு சூடேறி வெள்ளையா பத்திக்கும் பாருங்க, கல்யாணப் பொண்ண விட அதத்தான் பாப்போம். வெளிச்சம் குடுத்தது தீ கூட இல்ல, அந்தக் கூடுதான்.

குண்டு பல்பும் அதே கதைதான். உள்ள இருக்கற கம்பி பழுக்கக் காஞ்சு வெளிச்சம் குடுக்குது. நூறு பைசாவுக்கு கரண்ட் வாங்கினா அஞ்சு பைசாவுக்குத்தான் வெளிச்சம், மிச்சமெல்லாம் சூடு. கோழிக்குஞ்சு பெட்டில 60 வாட்ஸ் பல்பு போட்டது வெளிச்சத்துக்கா? சூட்டுக்குத்தான். இப்ப 9 வாட்ஸ் எல்இடி அதே வெளிச்சம் தருது, கையால தொடலாம். அதனால இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வெளிச்சத்துக்கும் எரியறதுக்கும் சம்பந்தமே தெரியல. ஆனா வாய் மட்டும் இன்னும் "லைட்டு எரியுது"ன்னுதான் சொல்லுது. அடுப்பு எரியுது, லைட்டு எரியுது, கண்ணு எரியுது, பக்கத்து வீட்டுக்காரனுக்கு வயிறு எரியுது. குழந்தை எத நம்பும்.

பழைய குண்டு பல்பு ஒண்ணு கிடைச்சா (இப்பவும் பழைய எலக்ட்ரிக் கடைல கேட்டா குடுப்பான்) எரிய விட்டு, கைய ஒரு சாண் தள்ளி வச்சு, தொடாம, சூட்ட உணரச் சொல்லுங்க. அதே மாதிரி எல்இடி. அதே மாதிரி வெயில். அப்புறம் நிலா. நிலாவுல கைய நீட்டி சூடு தேடற குழந்தை முகத்த பாக்கணுமே.

கொங்கு_பிசிக்ஸ்:

ஐயா சொன்னது அருமை. ஆனா சூடு இருந்தாதான் வெளிச்சம்னு பதிஞ்சிடக் கூடாதுங்க, மின்மினி மாட்டிக்கும். அதோட உடம்புல லூசிபெரின்னு ஒரு பொருள் ஆக்சிஜனோட சேந்து வெளிச்சமாகுது, சூடே கிடையாது சொல்லப்போனா. எங்க ஊர்லேர்ந்து டாப்ஸ்லிப் பக்கம், கோடை மழை ஆரம்பிக்கிற சமயம், ஆனைமலைக் காட்டுல மரம் மரமா ஒரே நேரத்துல மின்னி ஒரே நேரத்துல அணையும், சீரியல் செட் போட்ட மாதிரி. 2022ல அத பத்தி நெறைய செய்தி வந்துச்சு. சென்னைக்காரங்களுக்கும் குறையில்ல, 2019 ஆகஸ்ட்ல பெசன்ட் நகர், திருவான்மியூர் பீச்சுல அலை நீலமா மின்னுச்சே, 2024 அக்டோபர்லயும் ஈசிஆர் பக்கம் வந்துச்சே, அதுவும் இந்த ஜாதிதான். நாக்டிலூகான்னு ரொம்ப ரொம்ப குட்டி உயிர், அலை அடிச்சு ஆட்டினா மின்னும்.

அம்மு_அம்மா:

ஐயோ அந்த நீல அலைய நாங்க பாத்தோம்! 2024ல. இவ அப்ப சின்னக் குழந்தை, இவங்கப்பா தோள்ல தூங்கிட்டா :( ராத்திரி பதினோரு மணிக்கு டிராஃபிக் ஜாம் வேற.

தூக்கமில்லா_அப்பா:

ரேடியம் ஸ்டிக்கர் எதுல சேத்தி? பையன் ரூம் சீலிங்ல நட்சத்திரம் நட்சத்திரமா ஒட்டிருக்கேன், லைட்ட அணைச்சா பச்சையா மின்னுது. இருட்டுல தெரியுது, அப்ப ரூல் படி சொந்த வெளிச்சம். ஆனா விடியகாலைல மங்கிப் போயிடுது. இரவலா சொந்தமா?

கொங்கு_பிசிக்ஸ்:

ஆஹா, நல்ல கேள்வி. மொதல்ல நம்ம ஊர்ல ரேடியம்னு சொல்றதே ரெண்டு வேற வேற பொருள். வண்டி நம்பர் பிளேட்ல, லாரி பின்னாடி ஒட்டறது வெறும் ரிஃப்ளெக்டர், இருட்டுப் பெட்டில போட்டா செத்த பொணம். சீலிங்ல ஒட்டறது வேற, அது பகல் வெளிச்சத்த வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரி மெல்ல மெல்ல விடுது. ரெண்டுலயும் ரேடியம் துளிகூட இல்ல. நூறு வருஷம் முன்னாடி அமெரிக்காவுல கடிகார முள்ளுக்கு நெஜ ரேடியம் பூசினாங்க, பிரஷ் நுனிய உதட்டுல வச்சு கூராக்கி பூசின பெண்கள் எத்தனையோ பேர் நோய் வந்து செத்துப் போனாங்க. பேரு மட்டும் நம்மகிட்ட மிஞ்சிருக்கு.

உங்க கேள்விக்கு பதில்: இரவல் வாங்கி சேத்து வச்சு செலவு பண்ற ஆளு. சீட்டுக் கட்டற மாதிரின்னு வச்சுக்கோங்க. ரெண்டு டப்பாவுக்கும் நடுவுல வைங்க. இதெல்லாம் ரெண்டே கட்டத்துல அடைக்க முடியாதுன்னு புள்ளைங்க தெரிஞ்சுக்கறதுல ஒண்ணும் தப்பில்ல.

வடமராட்சியான்:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், வடமராட்சிப் பக்கம், இப்ப பிள்ளையளோட கனடாவில. ஈபி ஐயா எழுதினத வாசிக்க ஒண்டு சொல்லவேணும் போல கிடக்கு. 90ல எங்கட பக்கம் கரண்ட் போனது. நான் வளந்த காலம் முழுக்க வீட்டில கரண்ட் எண்டு ஒண்டு இல்லை. மண்ணெண்ணெயும் கிடையாது, கிடைச்சாலும் விலை எக்கச்சக்கம். ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு வைச்சு, அது நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு திரி. புளியங்கொட்டை அளவு நெருப்பு. அதைச் சுத்தி நாங்கள் மூண்டு பேர் படிப்பம். பாட்டுக் கேக்கிறதெண்டா சைக்கிள ஸ்டாண்டில நிப்பாட்டி அண்ணா மிதிப்பார், டைனமோவில ரேடியோ பாடும். சில நேரம் ரேடியோவுக்குப் பதிலா சைக்கிள் லைட்ட கொழுவுவம். வேகமா மிதிச்சா வெள்ளையா வரும், களைச்சா மஞ்சளாகி, சிவப்பாகி, நிண்டிடும்.

நான் என்ன சொல்ல வாறன் எண்டா, வெளிச்சத்துக்குச் சாப்பாடு போடவேணும் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை, சாப்பாடு போட்டது நாங்கள்தானே. இஞ்ச என்ர மகளுக்கு ஆறு வயசு, அவளுக்கு வெளிச்சம் சுவரில இருக்கிற சுவிட்சில இருந்துதான் வருது. அதால நான் அவளோட ஒரு விளையாட்டு விளையாடுறனான். எந்த வெளிச்சத்தைக் கண்டாலும் "இதுக்கு என்ன சாப்பாடு?" எண்டு கேக்கிறது. மெழுகுதிரிக்கு மெழுகு. டோர்ச்சுக்கு பற்றரி. மின்மினிக்கு அதின்ர உடம்பில இருக்கிற மருந்து. சாப்பாடு நிப்பாட்டினா வெளிச்சமும் நிண்டிடவேணும், அதுதான் விதி. கண்ணாடிக்கு என்ன சாப்பாடு எண்டு கேட்டன், கனநேரம் யோசிச்சுப்போட்டு, "அது சாப்பிடாது, அது சும்மா எறியுது" எண்டாள்.

கரும்பலகை:

ஐயா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் பேசாம உக்காந்துட்டேன். இந்த சாப்பாட்டுக் கேள்விய நாளைக்கே வகுப்புல கேக்கப் போறேன்.

பழைய_பேப்பர்:

சூரியனுக்கு என்ன சாப்பாடுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?

கொங்கு_பிசிக்ஸ்:

தன்னையே சாப்பிடுதுன்னு சொல்லுவேன், அது உண்மைதான். ஒவ்வொரு விநாடியும் சுமாரா 60 கோடி டன் ஹைட்ரஜன் உள்ள ஹீலியமா மாறுது, அதுல 40 லட்சம் டன் அளவுக்கு எடை குறைஞ்சு அதுதான் வெளிச்சமும் சூடுமா வெளிய வருது. பயப்படாதீங்க, இன்னும் 500 கோடி வருஷத்துக்கு ஸ்டாக் இருக்கு.

நிலாவுக்கு சாப்பாடு இல்ல, அதுக்கு நம்மகிட்ட கண்ணால பாத்த சாட்சியே இருக்கு. சந்திரயான் 3 ஞாபகம் இருக்கா, 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்திருந்தோமே. விக்ரம் லேண்டர் ஓடினது சோலார் பேனல்ல. அங்க நம்ம கணக்குல கிட்டத்தட்ட 14 நாள் பகல், 14 நாள் ராத்திரி. பகல் முடியப் போகுதுன்னதும் செப்டம்பர் மொத வாரத்துலயே இஸ்ரோ அத தூங்க வச்சுட்டாங்க. மறுபடி விடிஞ்சு செப்டம்பர் 22 எழுப்பிப் பாத்தாங்க, எழுந்திரிக்கல, அந்த ராத்திரிக் குளிர் அப்படி. நிலாவுக்கே சொந்த வெளிச்சம் இருந்தா அது மேலயே உக்காந்திருந்த லேண்டருக்கு எதுக்கு ராத்திரி வரணும்? என் பையனுக்கு இது டக்குனு புரிஞ்சுது, பாவம் விக்ரம்னு வேற அழுதான்.

இல்லம்தேடி_அக்கா:

நான் இல்லம் தேடிக் கல்வில தன்னார்வலரா சாயங்காலம் சொல்லிக் குடுத்தவ. எங்க தெருப் புள்ளைங்க கண்ணுல இருந்துதான் வெளிச்சம் போய் பொருள் மேல படுதுன்னு நெனச்சுதுங்க, படம் வரையச் சொன்னா கண்ணுலேர்ந்து அம்பு வரையும். பூனைக்கு கண்ணு எரியுதே அக்கா, அப்ப நமக்கும் கொஞ்சம் எரியும்னு ஒருத்தி சொன்னா. இதுக்கு என்ன பண்றது?

கொங்கு_பிசிக்ஸ்:

அவங்கள குத்தம் சொல்லாதீங்க அக்கா, யூக்ளிட் மாதிரி கிரேக்கப் பெரிய தலைங்களே கண்ணுலேர்ந்து கதிர் போகுதுன்னுதான் எழுதி வச்சாங்க. ஆயிரம் வருஷம் முன்னாடி இப்னு அல் ஹைதம்னு ஒரு அரபு விஞ்ஞானிதான், சூரியனப் பாத்தா கண்ணு கூசுதே, வெளிச்சம் வெளிய இருந்து உள்ள வராம எப்படி கூசும்னு எடுத்துக் காட்டினாரு. நம்ம பேச்சுலயே அந்தப் பழைய நெனப்பு ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, பார்வை பட்டுச்சு, கண்ணு போட்டுட்டான், கண்ணாலயே எரிச்சுட்டா. சுத்திப் போடறப்ப பாட்டி இப்னு ஹைதம் சொல்றத எங்க கேக்கப் போறாங்க. பூனைக்கு கண்ணுக்குள்ள பின்பக்கத்துல ஒரு கண்ணாடி மாதிரி தோல் இருக்கு, சைக்கிள் ரிஃப்ளெக்டர்தான் அதுவும். வெளிச்சமே இல்லாத இடத்துல பூனைக் கண்ணு எரியாது, பூனைக்கும் ஒண்ணும் தெரியாது.

மொக்கை_மன்னன்:

பூனைய இருட்டுப் பெட்டில போட்டு யாரும் டெஸ்ட் பண்ணிடாதீங்கப்பா.

கரும்பலகை:

ஒரு எச்சரிக்கை சொல்லிடறேன். இந்தப் பாடம் எடுத்தா புள்ளைங்க சூரியன நேரா பாக்க ஆசப்படும், விடக்கூடாது, கருப்புக் கண்ணாடி போட்டாலும் சரி, எக்ஸ்ரே ஷீட் வச்சாலும் சரி. அதுக்குப் பதிலா வேப்பமரத்தடிக்கு கூட்டிட்டுப் போங்க. இலை இடுக்குல வந்து தரைல விழற வட்ட வட்ட வெளிச்சம் இருக்கே, அது ஒவ்வொண்ணும் சூரியனோட படம். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்னிக்கு கோவை, திண்டுக்கல் பக்கமெல்லாம் முழு வளையமா தெரிஞ்சுச்சு, எங்க ஊர்ல பிறை மாதிரிதான். அரையாண்டு லீவுதான், ஆனாலும் பக்கத்து வீட்டுப் புள்ளைங்கள கூட்டிட்டு ஸ்கூல் மரத்தடிக்குப் போனேன். தரை பூரா நூத்துக்கணக்குல பிறை. "சார், மரம் நகம் வெட்டிப் போட்டிருக்கு"ன்னான் ஒரு பொடியன்.

அப்புறம் பாவாடை, நைலான் ஃப்ராக் போட்டுக்கிட்டு மெழுகுவர்த்தி பக்கம் விடாதீங்க. லேசர் லைட்டு வெளையாட்டும் வேண்டாம்.

அம்மு_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஞாயித்துக்கிழமை நடந்தத சொல்லணும். பெட்டி செஞ்சோம், நல்லா வேலை செஞ்சுது, கண்ணாடி உள்ள கருப்பா இருந்தத பாத்து ரெண்டு நாளா யாரு வந்தாலும் அந்தப் பெட்டியத்தான் காட்டறா. ஆனா அதோட விடல. "பெரிய இருட்டுப் பெட்டி வேணும்"னு ரூமையே இருட்டாக்கணும்னு பிடிவாதம். சரின்னு ராத்திரி லைட்ட அணைச்சோம். இருட்டாவே ஆகல! ஏசில நம்பர் எரியுது. டிவில சிவப்பு புள்ளி. வைஃபை ரௌட்டர்ல நாலு பச்சை, ஒண்ணு சிமிட்டுது. ஸ்விட்ச் போர்டுல சிவப்பு. சார்ஜர்ல ஒண்ணு. கொசு விரட்டில ஒண்ணு. கதவு அடில ஹால் வெளிச்சம், திரைக்குப் பின்னாடி தெரு லைட்டு. இவ பொட்டுப் பாக்கெட்ட எடுத்துட்டு வந்து ஒவ்வொண்ணா பொட்டு ஒட்டி மூட ஆரம்பிச்சா, மூடறப்ப எல்லாம் "இது சொந்தம், கரண்ட் சாப்பிடுது"ன்னு சொல்லிக்கிட்டே. மொத்தம் ஒம்பது சொந்த வெளிச்சம் எங்க பெட்ரூம்ல, இத்தன வருஷமா நான் எண்ணினதே இல்ல. கதவுக்கு கீழ துண்டு வச்சு, ஜன்னலுக்கு பெட்ஷீட் கட்டி, கடைசியா ஒருவழியா இருட்டு வந்துச்சு. என் கையவே எனக்குத் தெரியல. அவ என் தாலிச் செயினப் பிடிச்சுக்கிட்டு சத்தமே போடாம இருந்தா, அப்புறம் மெதுவா, "அம்மா நீயும் இரவல்தானா"ன்னா.

மிஸ்கிட்ட சண்டை போடல. பேரண்ட்ஸ் மீட்டிங்ல பதமா கேட்டேன், ஆன்சர் கீல அப்படித்தான் மேடம் இருக்குன்னாங்க. விட்டுட்டேன். மாமியார்கிட்ட சந்திரன் சூரிய பகவான்கிட்ட வாங்கிக் குடுக்கறாருன்னு சொன்னேன், அப்படின்னா சரிதான்னுட்டாங்க.

மொக்கை_மன்னன்:

பொட்டு வச்ச ரௌட்டர் போட்டோ போடுங்க.

அம்மு_அம்மா:

இன்னொண்ணு, இதுக்கு எனக்கு பதில் தெரியல. பூமிக்கு சாப்பாடு இருக்கான்னு கேட்டா, இல்லன்னேன். அப்ப நிலால இருந்து பாத்தா நாம எரிவோமாங்கறா?

கொங்கு_பிசிக்ஸ்:

எரிவோமே! நம்ம மேல விழற வெளிச்சத்துல 100க்கு 30 பங்கு திருப்பி அனுப்பறோம், மேகமும் பனியும் இருக்கறதால. நிலாவ விட பூமி பெருசு வேற. அங்க நின்னு பாத்தா நம்ம பௌர்ணமிய விட பல மடங்கு பளிச்சுனு இருக்கும். பாக்கணுமா? மூணாம் பிறை அன்னிக்கு சாயங்காலம் மேக்கால கூட்டிட்டுப் போய் நிறுத்துங்க. அந்த மெல்லிசு பிறைக்கு உள்ள, மீதி நிலாவும் சாம்பலா மங்கலா வட்டமா தெரியும். அது நம்ம வெளிச்சம். சூரியன்கிட்ட நாம இரவல் வாங்கி, நம்மகிட்ட நிலா இரவல் வாங்கி, மறுபடி நமக்கே அனுப்புது.

வடமராட்சியான்:

இது எனக்கே தெரியாமப் போச்சு. இத்தனை பிறை பாத்திருக்கிறன்.

அம்மு_அம்மா:

தினசரி காலண்டர்ல பாத்துட்டேன், புதன்கிழமை மூணாம் பிறை. மொட்டை மாடி சாவி வாட்ச்மேன்கிட்ட சொல்லி வச்சாச்சு. மேகம் மட்டும் வராம இருக்கணும்.